மலேயாம்மாள் என்கிற கனகம்

விருதுநகரில் இறங்கிய அன்று மாலை எனக்குப் பசியைவிடத் தூக்கம்தான் அதிகமாக இருந்தது. லாட்ஜுக்காரர் விடவில்லை. பரோட்டா சாப்பிடாமல் படுத்தால் இந்த ஊருக்கு வந்ததாகவே ஆகாது என்று எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்தார். இங்கே பரோட்டாவை எண்ணெயில் மிதக்கவிட்டு, முறுகலாக எடுத்து, இலையில் நொறுக்கிப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். ஈப்போவில் நான் காலையில் பசியாறும் ரொட்டி சானாய்க்கு இது தூரத்துச் சொந்தம். முகச்சாயல் இருந்தது, குணம் வேறு.

நான் ஈப்போவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் அக்கா கனகத்தின் இறப்புச் சான்றிதழை வாங்கிப் போக வந்திருந்தேன்.

அக்காவைச் சாத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பினாங்கில் கப்பலேற்றி அனுப்பியபோது நான் தமிழ்ப்பள்ளியில் சின்ன வகுப்பு. சில வருஷங்கள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. ஊருக்குப் போய்வந்த ஒருவர், அவள் இறந்து வெகுநாள் ஆகிறது, பிள்ளைகுட்டி கிடையாது போலிருக்கிறது என்று சொன்னார். அம்மா நம்பவில்லை. நேரில் பார்க்காதவன் பேச்சு என்று தள்ளிவிட்டாள். அப்படி நம்பாமலே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தைப்பிங்கில் இருக்கும் வீடு அம்மா பெயரில் இருந்தது. அதை மாற்றிப் பதிய வேண்டுமானால் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், இறந்துபோன பிள்ளைக்குச் சான்று காட்ட வேண்டும் என்றார் வக்கீல். பெரியண்ணனுக்கு முழங்கால் வலி. அதனால் நான் வந்தேன்.

எங்கள் ஊரில் இது ஒரு காலைப்பொழுது வேலை. பதிவிலாகாவுக்குப் போய் எண்ணுள்ள சீட்டை எடுத்துக்கொண்டு குளிர்ந்த அறையில் உட்கார்ந்தால், கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் சூலக்கரைக்குப் போனேன். மாவட்ட அலுவலகங்கள் எல்லாம் அங்கேதான் என்று சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாள் என்பது எனக்குத் தெரியாது. பட்டா கேட்டு வந்தவர்கள், ஓய்வூதியம் நின்றுபோனவர்கள், குடிநீர்க் குழாய் வராத தெருக்காரர்கள் எல்லோரும் ஆடிக்காற்றில் மனுத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். முன்னே நின்ற கிழவர் என் காலணியைப் பார்த்துவிட்டு எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். அங்கே உள்ளவர்களுக்கும் இங்கே வந்துதான் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறதா என்று வருத்தப்பட்டார். மதியத்துக்குப் பிறகு என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோபமில்லாமல் சொன்னார். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறியிருக்கும். பழைய கணக்கெல்லாம் கிராமத்திலிருந்து மேலே போயிருக்கும். சாத்தூரில் போய்த் தேட வேண்டும்.

மறுநாள் சாத்தூர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விருதுநகரில் பலசரக்கு வியாபாரம் செய்யும் ராவுத்தர். சிவகாசிக் காலண்டரைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். நான் போகும் காரியத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா எந்த வருசம் மவுத்தானாக?" என்பது. எனக்குத் தெரியவில்லை. உத்தேசமாக ஒரு வருஷத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வருஷம் தெரியாமல் தேடினால் ஒவ்வொரு வருஷமாகப் புரட்ட வேண்டியிருக்கும், பொறுமையாக இருங்கள் என்றார். இறங்கும்போது கையிலிருந்த சேவுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். காரமும் பூண்டு வாசனையுமாக அது நன்றாக இருந்தது. அன்று மதியம் அதுதான் எனக்குச் சாப்பாடு.

சாத்தூரில் மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன். பதிவேட்டுப் பிரிவில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தூசி படிந்த கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சாயங்காலம் வரை பார்த்தும், நான் உத்தேசமாகச் சொன்ன வருஷத்தை ஒட்டிய அந்த ஊர்க் கணக்கில் கனகம் என்று யாரும் இறந்திருக்கவில்லை. கனகம்மாள், கனகவல்லி என்றுகூடப் பார்த்துவிட்டார். "ஊர்ல போய் நல்லா விசாரிச்சுட்டு வாங்க சார். பேரு வேறயா இருக்கலாம். இல்ல, பதியாமலே விட்டிருப்பாக. பதியாம விட்டிருந்தா அது பெரிய வேலை" என்றார்.

அந்தப் 'பெரிய வேலை' என்ற சொல்லோடு லாட்ஜுக்குத் திரும்பினேன். இரவெல்லாம் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா வாழ்ந்தது அச்சங்குளத்தைத் தாண்டி ஒரு சிற்றூர். புதன்கிழமை காலை பேருந்து நிலையத்தில், புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த வண்டியில் ஏறி அச்சங்குளம் என்றேன். கண்டக்டருக்கு என் மலேசியப் பேச்சு ஆனைக்குட்டம் என்று கேட்டிருக்கிறது. நானும் சீட்டைப் படித்துப் பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து அவர் என் தோளைத் தட்டி இறக்கிவிட்ட இடத்தில் ஓர் அணைக்கட்டு நின்றது. தண்ணீர் நடுவில் கொஞ்சம் கிடந்தது. மீதியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்த பேருந்து பாதி வழியில் பஞ்சரானது. ஜாக்கி நிற்க மாட்டேன் என்றது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. சட்டையைக் கழற்றிவைத்துவிட்டுக் கல்லை முட்டுக்கொடுத்துத் தூக்க உதவினேன். அதற்காக டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தார். மலேசியாவில் நான் ஓட்டும் வண்டிக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னதும், எங்கள் டெப்போவில் அதைப் புது வண்டி என்பார்கள் என்றார். நான் சிரித்தேன். இந்தப் பயணத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

ஒருவழியாக அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. தெருவில் ஆளே இல்லை. சீசன் நேரம், எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். பெட்டிக்கடையில் ஒரு பெண் இருந்தார். கனகம் என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றார். அக்கா புருஷன் பெயரைச் சொன்னேன். யோசித்தார். மலேசியாவிலிருந்து வந்தவள் என்று சொன்ன பிறகுதான் எழுந்து நின்றார்.

"மலேயாக்காரியா? அவுகளுக்கு நீங்க என்ன வேணும்?"

தம்பி என்றேன்.  அவர் ஒரு கலர் பாட்டிலை உடைத்து என் கையில் கொடுத்தார். மலேயாக்காரி போய் ரொம்ப வருஷம் ஆயிற்று. மஞ்சள் காமாலை. அவள் புருஷன் அதற்கும் முன்னாலேயே லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில், "மகளப் பாத்தீகளா?" என்று கேட்டார்.

எந்த மகள் என்று கேட்டேன்.

"பாண்டிச்செல்வி. அவுக மகதான். இங்கனயேதான் கட்டிக்குடுத்திருக்கு. கம்பெனிக்குப் போயிருக்கா."

கலரைப் பாதியில் வைத்துவிட்டு, கம்பெனிக்கு வழி கேட்டேன்.

கம்பெனி ஊருக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன சின்ன அறைகள். வாசலில் இருந்த காவலாளி என் செல்போனை அணைத்து வாங்கிவைத்துக்கொண்டார். தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினார். உள்ளே போகக் கூடாது, சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள் என்றார். வேப்பமரத்தடியில் நின்றேன்.

அவள் வந்தபோது இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளிப்பொடி பூசினதுபோல் மினுங்கின. இருபத்தைந்து வயது இருக்கலாம். முகத்தில் அக்காவைத் தேடினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அக்கா முகம் சரியாக நினைவில்லை. ஆனால் நடை எங்கள் அம்மாவின் நடை, இடது தோளைக் கொஞ்சம் சாய்த்துப் போடும் நடை. அது போதும் என்று இருந்தது.

நான் யார் என்று சொன்னேன். அவள் அழவில்லை. சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்கம்மா சாகும்போது தபாலாபீசப் பாத்துக்கிட்டேதான் கெடந்தாக. அப்ப யாரும் வரல. இப்ப என்னத்துக்கு வந்திருக்கீக?"

காரியத்தைச் சொன்னேன். அம்மாவின் வீடு, வக்கீல், சான்றிதழ் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் எதையும் விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியதால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட்டேன். அது அவளைச் சந்தோஷப்படுத்தவில்லை, பயப்படுத்தியது. எதிலாவது கையெழுத்து வாங்கி எதையாவது எழுதிக்கொள்வீர்களா என்று கேட்டாள். இவளுக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்? நாளைக்கு உன் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு சாத்தூர் அலுவலகத்துக்கு வா, அவர் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு என்றேன். மணி அடித்தது. சாப்பிடாமலே உள்ளே போனாள்.

செல்போனில் பேசினால் காசு கூடும் என்று, அன்று மாலை சாத்தூரில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பெரியண்ணனைக் கூப்பிட்டேன். அக்காவுக்கு மகள் இருக்கிறாள் என்றேன். அண்ணன் நிதானமாகப் பேசினார். இறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வா. பிள்ளை உண்டா இல்லையா என்று இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நாமாகச் சொன்னால்தான் தெரியும். நீ வேன் ஓட்டுகிறவன், உனக்கும் பங்கு குறையும், யோசித்துப் பார். நான் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். யோசிப்பதற்கும் சக்தி வேண்டும். அன்று எனக்கு அது இல்லை. சேவு வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வியாழக்கிழமை பாண்டிச்செல்வி வரவில்லை. லோடு ஏற்றும் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்து, ஆர்டர் நெருக்கடியில் லீவு தர மாட்டார்கள், வெள்ளிக்கிழமை வருவாள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மட்டும் அந்த அலுவலரிடம் போய், கனகம் வேண்டாம், மலேயாக்காரி என்று இருக்கிறதா பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் பார்த்தார். பாண்டிச்செல்வியின் வீட்டுக்காரர் சொல்லி இறந்த வருஷம் இப்போது தெரிந்திருந்ததால் சீக்கிரமே கிடைத்துவிட்டது.

மலேயாம்மாள். பெண். நோய், மஞ்சள் காமாலை. கணவன் பெயர் சரியாக இருந்தது. தகவல் சொன்னவர் யாரோ பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் எல்லோரும் மலேயாக்காரி என்று கூப்பிட்டதைக் கேட்டு, எழுதியவர் மரியாதைக்கு ஓர் 'அம்மாள்' சேர்த்திருக்கிறார். எங்கள் அம்மா அந்தப் பெயரைப் பார்க்காமல் போனது நல்லது என்று நினைத்தேன்.

இந்தப் பெயரில் சான்றிதழ் கொடுத்தால் மலேசியாவில் செல்லாது. கனகம்தான் மலேயாம்மாள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு அவளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் வந்து நோட்டரி முன்னால் உறுதிமொழி தர வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். ஊரில் அவளைத் தெரிந்தவர்களுக்குக் கனகம் என்ற பெயர் தெரியாது. அந்தப் பெயர் தெரிந்த நாங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை பாண்டிச்செல்வி வந்தாள். கூட இரண்டு பெண்களை அழைத்து வந்திருந்தாள். வேலம்மா, சேர்மக்கனி. இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அக்காவோடு ஒரே தீப்பெட்டித் தொழிற்சாலையில், இவர்கள் சொல்கிற தீப்பெட்டி ஆபீசில், ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

நோட்டரி வக்கீல் கேட்டார், ஊரே மலேயாக்காரி என்று சொல்லும்போது கனகம் என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? வேலம்மா சொன்னார்:

"அவ மாமியா பேரும் கனகம்தான் சார். மாமியா பேரச் சொல்லி மருமவளக் கூப்பிட முடியுமா? அதான் வீட்டுல மலேயாக்காரின்னு ஆக்கிட்டாக. ஆனா ஆபீசுல பேரு கூப்பிடுவாக பாருங்க, அங்கன மட்டும் அவ கனகம்னு குடுத்திருந்தா. மொத நா, கனகம்னு கூப்பிட்டதும் உள்ளேன்னு சொல்லிட்டு அழுதுட்டா. ஏன்டி அழுறேன்னு கேட்டேன். இந்தப் பேரக் கேட்டு எம்புட்டு நாளாச்சுன்னு சொன்னா."

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, இதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, வேண்டியதை மட்டும் எழுதினார்.

கையெழுத்துப் போட்டு முடித்துச் சாப்பிடப் போனோம். இலையில் உட்கார்ந்தபோதுதான் சேர்மக்கனி முதல்முறையாகப் பேசினார். மழை பெய்கிற நாளில் அக்கா தேங்காய்ப்பாலில் சோறு ஆக்கிக் கொண்டுவருவாளாம். கூடக் கருவாட்டை வறுத்துக் காரமாக அரைத்து வைத்திருப்பாளாம். முதலில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்களாம், பிறகு அவள் தூக்கைத் திறந்ததும் கை நீட்டினார்களாம். எங்கள் ஊர் நாசி லெமாக். கருவேலங்காட்டுக்கு நடுவில், தீப்பெட்டி ஒட்டிய கையோடு, என் அக்கா நாசி லெமாக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பாண்டிச்செல்வி தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். "சாப்பிடுங்க மாமா" என்றாள். மாமா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்பு. கிராம நிர்வாக அலுவலர் வேறு வேலையாகப் போயிருந்தார். வந்தார், விசாரித்தார், எழுதினார். தாசில்தார் முகாமுக்குப் போயிருந்தார். மின்சாரம் இல்லாததால் ஒருநாள் வேலை நின்றது. நான் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருந்ததில் சாலையோரத்து ஒவ்வொரு கடையும் மனப்பாடமாகிவிட்டது. விமானச் சீட்டை ஒருமுறை மாற்றினேன். என் வேனை ஓட்டிய பையன் அங்கே பிள்ளைகளின் பெற்றோரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்த நாட்களில் ஒருநாள், வேறு எந்த யோசனையும் இல்லாமல், பாண்டிச்செல்வியை அழைத்துக்கொண்டு போய் வாரிசுச் சான்றிதழுக்கும் மனுக் கொடுத்தேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது. எப்படியும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும், பக்கத்து வரிசையிலும் நின்றுவிடுவோம் என்றுதான் முதலில் கால் போனது. மனுவில் 'இறந்தவருக்கு உறவு' என்ற இடத்தில் மகள் என்று நான் எழுதியபோது அவள் அந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்தாள். அன்றிரவே அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். அண்ணன் போனை வைத்துவிட்டார்.

இறப்புச் சான்றிதழ் கையில் வந்த நாள், அந்தப் பெண் அலுவலர் அதை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் உரக்கப் படித்துக் காட்டினார். 'மலேயாம்மாள் என்கிற கனகம்.' சரியா என்று கேட்டார். சரி என்றேன். பாண்டிச்செல்விக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்த கையால் வாங்கினாள். 

பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்பும்போதுதான் கேட்டாள்.

"மாமா, எங்கம்மா அங்கன பெறந்ததுக்கு ஒரு சான்று குடுப்பாகளா? எங்க மாமியாரு வீட்டுல சண்ட வந்தா, ஆத்தா வழி யாருன்னே தெரியாதவளுன்னுதான் எடுத்த எடுப்புல சொல்லுதாக. வீடு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அது ஒண்ணு மட்டும் வாங்கி அனுப்புங்க."

ஈப்போவுக்கு வந்த மறுநாளே பதிவிலாகாவுக்குப் போனேன். சீட்டு எடுத்துக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள். மலாய்க்காரப் பெண் ஒருத்தி கணினியில் தேடி, பழைய பதிவு என்பதால் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் தயாராக இருந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பெரியண்ணன் என்னோடு சில வாரங்கள் பேசவில்லை. பிறகு சாத்தூரிலிருந்து வாரிசுச் சான்றிதழ் வந்து சேர்ந்த பிறகு, வக்கீல் அலுவலகத்துக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாண்டிச்செல்வியின் பெயர் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, அந்தப் பெண் யார் ஜாடை என்று மட்டும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி யாருடைய செல்போனிலிருந்தோ கூப்பிட்டாள். தபால் வந்துவிட்டது என்றாள். ஆனால் எழுத்து ஒன்றும் புரியவில்லை, இங்கிலீசு வாத்தியாருக்கும் பாதிதான் தெரிகிறது என்றாள். மலாயும் இங்கிலீசும் கலந்த சான்று அது; என்னிடம் ஒரு நகல் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிள்ளையின் பெயர் கனகம். பெண். பிறந்த இடம் தைப்பிங் பக்கத்துத் தோட்டம். தகப்பனார் பெயர், வேலை ரப்பர் மரம் சீவுதல். தாயார் பெயர். தாயாரின் வயது.

  அந்தப் பக்கம் போன் கொஞ்சம் தள்ளிப் போவதும், அவள் வேறு யாரிடமோ பக்கத்தில் வரச் சொல்வதும் கேட்டது.

"எங்க மாமியாரு கேக்காக மாமா. மொதல்ல இருந்து வாசிங்க."

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளையின் பெயர் கனகம் என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.